7, 11, 13 மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி:

எடிசனில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து மாமனார் மாமியார் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். கேபிள், இன்டர்நெட் இரண்டும் ஒரே கம்பெனியில். சேரும்போது மாதம் 120 டாலர் என்றார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் 214 ஆகிவிட்டது. பில்லைப் பிரித்துப் பார்த்தால் ‘பிராட்காஸ்ட் டிவி ஃபீ’, ‘ரீஜினல் ஸ்போர்ட்ஸ் ஃபீ’, மூன்று பெட்டிக்கு வாடகை என்று வால் நீண்டுகொண்டே போகிறது. போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டு, மூன்று பேரிடம் மாற்றிவிட்டு, கடைசியில் லைனைத் துண்டித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில், ‘150 மைல்’ என்று அட்டையில் போட்டிருந்த ஒரு தட்டை ஆன்டெனாவை வாங்கி ஜன்னலில் ஒட்டினேன். 2, 4, 5 எல்லாம் பளிச்சென்று வருகின்றன. 7, 11, 13 வரவே இல்லை. பிள்ளைகளுக்கு 13 வேண்டும். கூரையில் ஆன்டெனா வைக்கக் கூடாது என்கிறது அசோசியேஷன். மாமியாருக்குத் தமிழ் சீரியல், எனக்குக் கிரிக்கெட். கேபிளை எடுத்துவிடலாமா சார், இல்லை தலையெழுத்து என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

— எடிசன், நியூ ஜெர்சி வாசகர்

பதில்:

எடுத்துவிடலாம். ஆனால் இன்றைக்கே போனைத் தூக்காதீர்கள். முதலில் 7-ஐ வரவைப்போம். அது வந்த பிறகு கம்பெனியிடம் பேசினால் உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

ஆன்டெனா கெட்டுப்போகவில்லை. அதன் அளவுதான் கோளாறு. டிவியில் தெரியும் சேனல் எண்ணும் நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் எண்ணும் ஒன்றல்ல. 2009 ஜூன் 12-ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாகை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்குப் போயின. பல நிலையங்கள் அப்போதும், அதற்குப் பிறகு 2020 வரை நடந்த இன்னொரு இடமாற்றத்திலும், வேறு அலைவரிசைக்குக் குடிபெயர்ந்தன. வாசலில் மட்டும் பழைய கதவு எண் தொங்குகிறது. நியூயார்க்கின் 2 இப்போது உண்மையில் 36-இல் வருகிறது. 4 என்று தெரிவது 35. 5 என்பது 27. இவையெல்லாம் யு.ஹெச்.எஃப்., அதாவது நீளம் குறைந்த அலைகள். 7 மட்டும் இன்னும் நிஜமாகவே 7-இல் இருக்கிறது. 11-உம் 11-லேயே. 13 என்று நீங்கள் தேடுவது 12-இல் வருகிறது. இந்த மூன்றும் வி.ஹெச்.எஃப்., அதாவது நீளம் கூடிய அலைகள். உங்களுக்கு வராத மூன்றும் இவையேதான், பாருங்கள்.

அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருந்தால்தான் ஆன்டெனா ஒழுங்காகப் பிடிக்கும். யு.ஹெச்.எஃப்.-க்கு ஓர் அடி போதும். 7-ஆம் சேனலுக்கு 85 சென்டிமீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று அடி. உங்கள் ஜன்னலில் ஒட்டியிருப்பது ஒரு அடிச் சதுரத் தாள். அதில் 7 வந்தால்தான் ஆச்சரியம். சிலருக்கு வரவும் செய்கிறது, கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஊர் ஞாபகம் வருகிறது. எண்பதுகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மீன் முள் மாதிரி நின்ற ஆன்டெனாவின் கம்பிகள் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு நீளமாக இருக்கும். அண்ணன் கீழே டிவி முன்னால், நான் மேலே குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு. கடலோர ஊர் என்பதால் தூர்தர்ஷனுக்கு ஒரு பக்கம், இலங்கையின் ரூபவாஹினிக்கு நேர் எதிர்ப்பக்கம். கம்பி ஏன் அத்தனை நீளம் என்று அப்போது யோசித்ததில்லை. அவை வி.ஹெச்.எஃப். சேனல்கள், அதனால்தான் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தபோது சிரிப்பு வந்தது. ‘தட்டையாக, அழகாக, கண்ணுக்குத் தெரியாமல்’ என்று இங்கே விற்கிறார்களே, அந்த அழகுக்காக வெட்டி எறிந்தது அந்த நீளக் கம்பிகளைத்தான்.

‘150 மைல்’ கதையையும் விட்டுவிடுங்கள். பூமி உருண்டை. எத்தனை உயரக் கோபுரமானாலும் 60, 70 மைலுக்கு அப்பால் சாதாரண வீட்டில் நம்பிப் பார்க்க முடியாது. அட்டையில் என்ன எண்ணை அச்சடித்தாலும் கேட்க ஆள் இல்லை. நல்ல வேளையாக உங்களுக்கு அந்தத் தூரமெல்லாம் வேண்டாம். நியூயார்க் நிலையங்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரிலும் இருக்கின்றன. எடிசனிலிருந்து இரண்டும் 25 மைல் சுமாருக்குத்தான், அதுவும் ஒரே திசையில், வடகிழக்கே. ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

சரி, என்ன வாங்குவது? வி.ஹெச்.எஃப்., யு.ஹெச்.எஃப். இரண்டும் சேர்ந்த, நீளக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஆன்டெனா. நூறு டாலருக்குள் கிடைக்கும். ஆம்ப்ளிஃபையர் வைத்தது வேண்டாம். 25 மைலில் சிக்னல் தாராளமாக இருக்கும், ஆம்ப்ளிஃபையர் அதை ஊதிப் பெருக்கி, டிவிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனரைத் திணறடித்துவிடும். சிக்னல் குறைவு என்று நினைத்து ஆம்ப்ளிஃபையரை மாட்டி, இருந்ததையும் இழந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆன்டெனாவை நான்கு டிவிக்குப் பிரித்தால் மட்டும் ஸ்ப்ளிட்டரில் சிக்னல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது வேண்டுமானால் யோசிக்கலாம்.

எங்கே வைப்பது என்பதில் உங்கள் அசோசியேஷன் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது. உங்கள் தனி உபயோகத்தில் உள்ள இடத்தில், அதாவது உங்கள் பால்கனியிலோ பின்பக்கத் திண்ணையிலோ, உள்ளூர் டிவி பார்க்க ஆன்டெனா வைப்பதை எந்த அசோசியேஷனும் வீட்டுக்காரரும் தடுக்க முடியாது. பாதுகாப்புக் காரணம், வரலாற்றுச் சின்னம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் டவுன்ஹவுஸில் கூரை பல இடங்களில் எல்லோருக்கும் பொது. பொதுக் கூரைக்கு இந்த விதி செல்லாது. அதனால் கூரைக்காகச் சண்டை போடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் அட்டிக் இருக்கிறதே, அதை யாரும் கேட்க முடியாது.

அட்டிக்கில் சிக்னலில் பாதி போகும், சில வீடுகளில் அதற்கு மேலும் போகும். ஆனாலும் உங்கள் தூரத்துக்குத் தாங்கும். ஏறிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூரையின் உட்பக்கம் வெள்ளித் தாள் ஒட்டிய இன்சுலேஷன் இருந்தால் அட்டிக் உதவாது, பால்கனிதான். அப்புறம் வி.ஹெச்.எஃப்.-க்கு இன்னொரு எதிரி உண்டு. மலிவான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் கிளப்பும் மின் இரைச்சல். 7 வந்து வந்து போனால், வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் வீட்டில் குற்றவாளி சமையலறைப் பல்பு. மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் மனைவி சொல்லி.

வயர் புதிதாக இழுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஏற்கனவே ஓடும் கேபிள் வயரே ஆன்டெனாவுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் இன்டர்நெட் மோடமும் அதே வயரில்தான் வருகிறது. மோடத்துக்குப் போகும் வயரைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, மற்ற அறைகளுக்குப் போகும் வயர்களை மட்டும் ஆன்டெனாவோடு இணையுங்கள். இரண்டையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் கலந்தால் இன்டர்நெட் தடுமாறும், வெளியே சிக்னல் கசியும், கம்பெனி ஆள் வந்து கதவைத் தட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கும்.

இணைத்ததும் டிவியில் ‘சேனல் ஸ்கேன்’ போடுங்கள். டிவியிலேயே டியூனர் உண்டு, பெட்டி எதுவும் வேண்டாம். ஏ.டி.எஸ்.சி. 3.0 என்று புதிதாக வந்திருக்கும் ஒளிபரப்பு முறைக்கான டியூனரை இப்போது வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். பழைய முறையிலேயே எல்லாம் வருகிறது, புதியதில் சில நிலையங்கள் பூட்டும் போடுகின்றன.

இப்போது பில்லுக்கு வருவோம். நீங்கள் எழுதிய ‘பிராட்காஸ்ட் டிவி ஃபீ’தான் எனக்கும் எரிச்சல் தருவது. வாழ்நாளில் பாதியை டிவி நிலையங்களின் டிரான்ஸ்மிட்டர் அறையில் கழித்தவன் நான். அதாவது அந்த ஃபீ கடைசியாகப் போய்ச் சேரும் பக்கத்தில் சம்பளம் வாங்கியவன். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

1992-இல் வந்த கேபிள் சட்டம் உள்ளூர் நிலையங்களுக்கு ஓர் உரிமை கொடுத்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிலையம் முடிவு செய்யலாம். ‘என்னைக் காசில்லாமல் கட்டாயம் காட்டு’ என்று கேபிள் கம்பெனியிடம் சொல்லலாம், அல்லது ‘காட்ட வேண்டுமானால் காசு கொடு’ என்று கேட்கலாம். சின்ன நிலையங்கள் முதலாவதைக் கேட்கும். ஆள் பலம் உள்ள பெரிய நிலையங்கள் காசு கேட்கும், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கூடுதலாகக் கேட்கும். கேபிள் கம்பெனி அதைத் தன் விலையில் சேர்க்காமல் பில்லின் வாலில் தனி வரியாக ஒட்டும். அப்போதுதானே விளம்பரத்தில் 120 என்று போட முடியும்! ஸ்போர்ட்ஸ் ஃபீயும் அதே வேலைதான். நீங்கள் யாங்கீஸ் பேஸ்பால் ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்காவிட்டாலும் கட்ட வேண்டும்.

இரண்டு யானைகள் மோதும்போது நசுங்குவது நாம்தான். 2010 மார்ச் 7, ஆஸ்கர் விருது நாள். நம் பகுதியில் முப்பது லட்சம் வீடுகளுக்கு கேபிள் கொடுத்துவந்த கேபிள்விஷனுக்கும் 7-ஆம் சேனலுக்கும் பணத் தகராறு. நள்ளிரவு தாண்டியதும் 7 கேபிளில் இருட்டாகிவிட்டது. அன்றிரவு விழா தொடங்கிக் கால் மணி நேரம் போன பிறகுதான் திரும்பி வந்தது. அந்த நாள் முழுக்க அதே 7, எல்லா வீட்டுக் கூரைக்கும் மேலே சும்மா பறந்துகொண்டுதான் இருந்தது. முயல் காது ஆன்டெனா வைத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று வேர்ல்ட் டிரேட் சென்டரின் வடக்குக் கோபுர உச்சியில் இருந்த ஆன்டெனாக் கம்பம் விழுந்தபோது நியூயார்க்கின் பெரும்பாலான நிலையங்கள் காற்றில் மறைந்தன. எம்பயர் ஸ்டேட்டில் மாற்று டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்த 2 தாக்குப்பிடித்தது. அந்தக் கோபுரத்தில் பணியில் இருந்த ஆறு ஒளிபரப்புப் பொறியாளர்கள் இறந்துபோனார்கள். மறைந்த நிலையங்களின் படம் அன்றைக்குக் கேபிள் வைத்திருந்த வீடுகளில்தான் வந்துகொண்டிருந்தது. எதுவும் முழுக்க நம்பத்தக்கது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சரி, இதை விடுங்கள்.

மாமியாரின் சீரியல் ஆன்டெனாவில் வராது. ஆனால் அது கேபிள் பெட்டியில் வரவேண்டும் என்றும் இல்லை. சன் நெக்ஸ்ட், யப் டிவி போன்றவை இன்டர்நெட்டிலேயே கிடைக்கின்றன. கிரிக்கெட்டுக்கு வில்லோவின் தனி ஆப் இருக்கிறது, கேபிள் இல்லாமலே சந்தா கட்டலாம். ஆறு மாதம் கழித்து அவர்கள் ஊருக்குப் போனதும் சீரியல் சந்தாவை நிறுத்திக்கொள்ளுங்கள். கேபிளில் இப்படி மாதத்துக்கு மாதம் ஏற்றி இறக்க முடியுமா? டென்னிஸ், யாங்கீஸ் மாதிரி கேபிள் சேனலில் மட்டும் வருபவை வீட்டில் யாருக்காவது உயிர் என்றால் அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து பெரும்பாலும் ஆன்டெனாவிலேயே வந்துவிடும்.

பணம் எவ்வளவு மிச்சம்? 214-இல் டிவிக்கு உண்டானது முழுக்கவும் உங்கள் பைக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். டிவியைக் கழற்றியதும் ‘சேர்த்து வாங்கியதற்கான தள்ளுபடி’ போய்விட்டது என்று இன்டர்நெட் விலையை ஏற்றுவார்கள். அதனால் அழைப்பதற்கு முன்பே இன்டர்நெட் மட்டும் என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு இன்டர்நெட் திட்டத்துக்கும் உணவுப் பொட்டலத்தில் இருப்பது மாதிரி ஒரு லேபிள் காட்டியாக வேண்டும். மாத விலை எவ்வளவு, அது அறிமுக விலையா, முடிந்த பிறகு எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனை ஆள் வாயில் வரும் எண்ணை விட்டுவிட்டு இந்த லேபிளில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் வேறு கம்பெனியின் ஃபைபர் வந்திருந்தால் அதன் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோடத்துக்கு வாடகை போட்டால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கருவிக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2019-இல் வந்த சட்டம் சொல்கிறது.

அதே சட்டப்படி, புதிதாகக் கேபிள் டிவி விற்கும்போது வரி, ஃபீ எல்லாம் சேர்த்து மொத்த விலையை முன்னாலேயே சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் விலகவும் விட வேண்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்து 120-ஐ 214 ஆக்குவதை அது தடுக்கவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், ஆனால் சட்டவிரோதம் என்று வாதாட முடியாது. அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆன்டெனாவில் ஒரு வாரம் பாருங்கள். பிள்ளைகளுக்கு 13 நிலையாக வருகிறதா, மழை நாளில் எப்படி என்று பார்த்துவிட்டுப் பெட்டிகளைக் கழற்றுங்கள். போன் வேண்டாம். கம்பெனியின் கடைக்கு நேரில், மூன்று பெட்டிகளையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போனில் ‘ரத்து’ என்று சொன்னதும் உங்களைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே இருப்பவருக்குத் திரையில் நாலு சலுகைகள் தெரியும், ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். கையில் பெட்டியோடு கவுன்ட்டரில் நிற்பவரிடம் அந்தப் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். ‘டிவி வேண்டாம், இன்டர்நெட் மட்டும், இந்த லேபிளில் உள்ள விலைக்கு’ என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மாதம் முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். நியூ ஜெர்சியில் மாதத்தின் நடுவில் கேபிளை நிறுத்தினால் ஓடிய நாட்களுக்கு மட்டும்தான் பணம் வாங்க வேண்டும். ஒரு கம்பெனி இதை எதிர்த்து வழக்காடியது. மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல் வாடிக்கையாளர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

இதையெல்லாம் செய்தும் இழுத்தடித்தால் இரண்டு கதவுகள் உண்டு. நம் மாநிலத்தில் கேபிளைக் கவனிப்பது போர்டு ஆஃப் பப்ளிக் யுட்டிலிட்டீஸ். அதற்குக் கேபிளுக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது, புகார் வாங்குவார்கள். இன்னொன்று எஃப்.சி.சி.யின் இணையதளம். காசு கிடையாது, அங்கே புகார் பதிந்தால் கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். புகார் போனதும் உங்களை அழைப்பவர் அந்த முக்கால் மணி நேரப் பாட்டுக்காரர் இல்லை, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள வேறொருவர். என் அனுபவத்தில் இந்த இரண்டில் முதலாவதுதான் வேகம்.

பெட்டிகளைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் ரசீதில் இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேபிளை நிறுத்தி எட்டு மாதம் கழித்து, ஒரு பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று பில் வந்தது. ரசீது இருந்ததால் தப்பித்தேன். ரிமோட்டையும் மின்சார அடாப்டரையும் அதே பையில் போட்டுவிடுங்கள், அவை எப்போதும் சோபாவுக்கு அடியில் கிடக்கும்.